பிளேன்பறம்பில் இறங்கியவர்கள்

அவரிடம் ஒரு விஷயத்தைக் கேட்டால் கேட்ட அளவில் பதில் வராது. மழை பெய்ததா என்று கேட்டால், பெய்த மழையில் தவளைகளெல்லாம் தென்னை மரத்தில் ஏறி உட்கார்ந்திருந்ததையும் சேர்த்துத்தான் சொல்வார். பஸ் வந்ததா என்று கேட்டால், அந்த டிரைவருக்கு அன்று காலையில்தான் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது என்றும், அதனால் எல்லா ஸ்டாப்பிலும் கூடுதலாகக் கொஞ்சநேரம் நிறுத்தினான் என்றும் தெரியவரும். பொய் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடலாம். ஊரில் பலரும் சொன்னார்கள். ஆனால் பொய் என்று சொல்லிவிட்டு எழுந்து போன ஒருவரையும் நான் பார்த்ததில்லை. உட்கார்ந்து மீதியையும் கேட்டார்கள்.

நான் அவரை முதலில் பார்த்தது தொண்ணூறுகளின் நடுவில். திருவனந்தபுரத்தில் ஒரு சீனியர் வக்கீலிடம் ஜூனியராகச் சேர்ந்திருந்த சமயம். எங்கள் வீடு ஆரியசாலையில். அப்பாவுக்கு அங்கே மிளகாய், மல்லி மொத்த வியாபாரம். வீட்டுக்குள் தமிழ், வாசலைத் தாண்டினால் மலையாளம் என்று வளர்ந்தவள் நான். அதனால் தெற்கே எல்லைப்பக்கத்திலிருந்து தமிழ் பேசுகிற கட்சிக்காரர்கள் வந்தால் சீனியர் என் மேஜையைக் காட்டிவிடுவார். பிளேன்பறம்பு வழக்கு அப்படித்தான் என்னிடம் வந்தது.

நெய்யாற்றின்கரையைத் தாண்டி, பெரிய ரோட்டிலிருந்து உள்ளே திரும்பி, ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே மேடேறினால் ஓரிடத்தில் சட்டென்று மரங்கள் நின்றுபோகும். எதிரே ஒரே புல். குளக்கரையில் தொடங்கி, தூரத்தில் சர்ச் மதில் வரைக்கும் ஒரு மேடு பள்ளம் இல்லாமல் நீண்டு கிடக்கும் பச்சை. இந்தப் பக்கங்களில் அவ்வளவு நிலம் ஒன்றும் நடாமல் கிடப்பதைப் பார்க்கும்போது முதலில் ஏதோ தப்பு நடந்துவிட்ட மாதிரி இருக்கும். அப்புறம் மூச்சு தானாகவே நீளமாகும். அதுதான் பிளேன்பறம்பு, பிளேன் இறங்கிய நிலம்.

நான் பிறப்பதற்கு முன்னால் அங்கே ஒரு முதலாளி இருந்தார். ரப்பர், ஓட்டுக் கம்பெனி, லாரிகள் என்று நிறைய வைத்திருந்தவர். அவருடைய மூத்த மகன், ஊருக்குச் சின்ன முதலாளி, வடக்கே எங்கோ போய் விமானம் ஓட்டப் படித்துவிட்டு, இரண்டுபேர் உட்காரும் சின்ன விமானம் ஒன்றோடு திரும்பினார். அது இறங்க இடம் வேண்டுமே. கொல்லாமா என்கிற முந்திரித் தோப்பை வெட்டி, வேரைத் தோண்டி, நிலத்தைச் சமப்படுத்தினார்கள். ஆற்றங்கரையிலிருந்து புல்லை வண்டி வண்டியாகக் கொண்டுவந்து கொத்துக் கொத்தாக நட்டார்கள். அந்த வேலைக்காகத் தெற்கேயிருந்து சில குடும்பங்கள் வந்து, தென்னோரத்தில் ஓலைக்குடில் போட்டுத் தங்கின. சில வருடங்கள் விமானம் வந்தது, போனது. பிறகு ஒருநாள் நின்றுபோயிற்று. றெக்கைகளைக் கழற்றி லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். மகன் வெளிநாடு போய் அங்கேயே இறந்தார். அந்த நிலத்தில் ஒன்றும் நட்டு வளர்க்கக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனாராம். ஏன் என்று ஊரில் யாருக்கும் தெரியாது. முதலாளி இருந்தவரைக்கும் மகனின் பேச்சை மீறவில்லை. புல் அப்படியே இருந்தது.

முதலாளியும் போனபிறகு பேரப்பிள்ளைகள் நிலத்தை விற்க நினைத்தார்கள். ஓரத்தில் இருந்த குடும்பங்களைக் காலிசெய்யச் சொல்லி வழக்குப் போட்டார்கள். விமானத்தளம் மூடியபிறகு ஆளில்லாத நேரம் பார்த்து வந்து குடிசை போட்டவர்கள் என்பது அவர்கள் வாதம். இல்லை, விமானம் ஓடிய காலத்திலேயே, அதுவும் முதலாளி வீட்டுச் சம்மதத்தோடு குடியிருந்தவர்கள் என்று நாங்கள் நிரூபித்தால் குடிகிடப்பு உரிமை கிடைக்கும், வீடிருக்கிற மண் அவர்களுக்கே சொந்தமாகும். நிரூபிக்க ஆள்தான் இல்லை. அந்தக் காலத்துப் பெரியவர்கள் எல்லாரும் போய்விட்டார்கள். மிச்சமிருந்தவர்கள் அப்போது குழந்தைகள். எல்லாவற்றையும் நேரில் பார்த்த, வழக்கில் லாபமோ நஷ்டமோ இல்லாத ஒரே மனிதர் இவர்தான்.

ஊரில் பிளேன்காரர் என்பார்கள். விமானம் ஓட்டியவரில்லை. அதற்குப் பெட்ரோல் ஊற்றியவர், ராத்திரி காவல் கிடந்தவர், அது இறங்கும்போது மாடுகளை விரட்டியவர், ஈரவைக்கோலைக் கொளுத்திப் புகை காட்டி காற்று எந்தப் பக்கம் என்று மேலே இருப்பவருக்குத் தெரியப்படுத்தியவர். நான் பார்க்கும்போது அறுபதைத் தொட்டிருப்பார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அக்கா வீட்டில் இருந்துகொண்டு, குத்தகைக்கு வாழை போட்டு, குலை வெட்டிச் சாலைக் கம்போளச் சந்தைக்கு அனுப்புகிற தொழில். ஒல்லியான உடம்பு. நடக்கும்போது கண் தரையில் இருக்காது, மரங்களின் தலையில் இருக்கும்.

“புல்லு நட்டப்போ நீங்க இருந்தீங்களா மாமா?” என்று கேட்டேன். என் முதல் கேள்வி அது.

“இருந்தேனாவா? நட்டதே நாங்கதான். வக்கீல் பிள்ளே, நட்டா மட்டும் போதுமா? அது மண்ணுல அமரணுமில்லியா. அதுக்கு ஒரு ஆனையக் கொண்டுவந்தாவ. மேலயும் கீழயும் நடத்தினாப் போதும், புல்லு அமந்துரும்ன்னு ஆனைக்காரன் சொன்னான். அங்கயாக்கும் காரியம் இருக்கு.”

“என்ன காரியம்?”

“ஆனைக்குப் பசிக்குமில்லியா. நாங்க முன்னால நட்டுக்கிட்டே போறோம், அது பின்னால தின்னுக்கிட்டே வருது. சாயங்காலம் திரும்பிப் பாத்தா காலையில தொடங்கின இடத்துலதான் நிக்கோம்.”

சிரிக்காமல் சொன்னார். நான் வாக்குமூலத்துக்காக எடுத்துவந்த தாளில் யானை என்று எழுதிவிட்டுத்தான் பேனாவை நிறுத்தினேன்.

அதன்பிறகு அந்தப் புல்வெளியில் யார் யாரெல்லாம் இறங்கினார்கள் என்று அவர் எனக்குச் சொல்லிக்கொண்டே இருந்தார். மழைக்கு ஒதுங்கி இறங்கிய சினிமா நடிகை ஒருத்தி அவருடைய அக்கா வீட்டில் மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் தின்றுவிட்டு, இன்னும் கொஞ்சம் கிழங்கு இருக்குமா என்று கேட்டாளாம். பெயரைச் சொல்லமாட்டேன் என்று அவளுக்குச் சத்தியம் செய்து கொடுத்திருந்தார். ஒரு வெள்ளைக்காரன் வழிதவறி வந்து இறங்கி, “இது கொழும்பா?” என்று கேட்டிருக்கிறான்.

“இல்ல சாயிப்பே, இது நெய்யாற்றின்கரை தாலுக்குன்னு சொன்னேன். அழுதுட்டான்.”

விமானத்தின் நிறம் சிலநாள் சிவப்பாக இருக்கும், சிலநாள் மைனா மூக்கு மாதிரி மஞ்சளாக இருக்கும். போனவாரம் வேறு நிறம் சொன்னீர்களே என்று கேட்டால், “வெயிலப் பொறுத்து மாறும்” என்பார். நான் வேலை முடிந்தும் கிளம்பாமல் கேட்டுக்கொண்டிருப்பேன். பின்மதியத்தில் அந்தப் புல்லின் மேல் காற்று போவது கண்ணுக்குத் தெரியும். ஒரு பக்கம் வெளுத்து, மறுபக்கம் இருண்டு, யாரோ கண்ணுக்குத் தெரியாமல் இறங்கி ஓடிவருகிற மாதிரி. அவர் குரலும் அதுவும் சேர்ந்தால் மேலே ஒரு இரைச்சல் கேட்பதுபோலவே இருக்கும். நிமிர்ந்து பார்ப்பேன். பருந்து ஒன்று வட்டமடிக்கும்.

அத்தனை கதைகளிலும் அவர் ஒன்றில்கூட விமானத்தில் ஏறவில்லை. அதைக் கவனிக்க எனக்கு வெகுநாள் ஆயிற்று.

“நீங்க ஒருதடவைகூட ஏறினதில்லையா மாமா?”

“நானா? நான் மேல போயிட்டா மாட்ட யாரு வெரட்டுவா?”

தன்னைப் பெரிதாக்கிக்கொள்ள அவருக்குத் தெரியவில்லை. மற்றவர்களைத்தான் பெரிதாக்கினார். ஒருமுறை நான் போயிருந்தபோது ஊரில் ஒரு சாவு. இறந்தவர் யாரிடமும் முகம்கொடுத்துப் பேசாதவர், அடுத்த வீட்டுக்காரனோடு வேலித்தகராறிலேயே ஆயுளைக் கழித்தவர். மகள்கள் கண்ணீர் வராமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். இவர் போய்த் துக்கம் கேட்டுவிட்டு முற்றத்தில் நின்று, பொதுவாக யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னார். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிற வழியில் ஓடை பெருகியிருந்த ஒரு மழைக்காலத்தில், இந்த மனிதர் இடுப்பளவு தண்ணீரில் நின்று, ஒவ்வொரு பிள்ளையாகத் தோளில் தூக்கி அக்கரையில் விட்டாராம். அப்படி ஒன்று நடந்ததாக அங்கிருந்த ஒருவருக்கும் ஞாபகமில்லை. ஆனால் பெட்டி மூடுவதற்குள் நடுவயது ஆள் ஒருவர், “என்னையும் தூக்கினாரு” என்று சொன்னதை நானே கேட்டேன். பெரிய மகள் அப்போதுதான் அழத்தொடங்கினாள்.

ஆனால் ஊரில் எல்லாருக்கும் தெரிந்த கதை ஸ்டெல்லாவினுடையது. வழக்கில் இருந்த குடும்பங்களில் ஒன்று அவளுடையது. முப்பதைத் தாண்டியவள், அங்கன்வாடியில் ஆயா வேலை. அவள் பிறந்தபோது தாய்க்கு வலி கடுமையாகி, நகரத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேறு வழியில்லாமல் முதலாளி மகன் விமானத்தில் ஏற்றிக்கொண்டு பறந்தார். போகிற வழியில், மேகத்துக்குள் வைத்து, ஸ்டெல்லா பிறந்துவிட்டாள். தாய் பிள்ளையை மாரில் போட்டுக்கொண்டு ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தாள். நம்ம குடிலெல்லாம் தீப்பெட்டி மாதிரி இருக்கு என்று சொல்லிச் சிரித்தாள். தாய் பிறகு சில நாளில் காய்ச்சலில் போய்விட்டாள் என்று ஸ்டெல்லாவின் அப்பா சொல்லியிருந்தார். அந்தச் சிரிப்பை மட்டும் பிளேன்காரர்தான் அவளுக்குக் கொடுத்திருந்தார்.

ஸ்டெல்லா அதை முழுதாக நம்பினாள். தாயில்லாமல் வளர்ந்த பெண்ணுக்கு ஊரில் யாருக்கும் இல்லாத ஒரு பிறப்பு இருந்தது. திருவனந்தபுரத்தில் இறங்கப் போகிற விமானங்கள் அங்கன்வாடிக்கு மேலே தாழப் போகும்போது குழந்தைகள் கையைக் காட்டிச் சொல்லும்: “டீச்சரே, ஒங்க வீடு போகுது.” அவள் எந்த வேலையில் இருந்தாலும் வெளியே வந்து, அது ரப்பர் மரங்களுக்குப் பின்னால் மறையும்வரை பார்த்துவிட்டுத்தான் உள்ளே போவாள்.

சாட்சி விசாரணை நெருங்கியபோது சீனியருக்குக் கவலை வந்துவிட்டது. அவர் திருவனந்தபுரத்துக்காரர், அதிகம் பேசாத மனிதர். “இந்த ஆளைக் கூண்டில் ஏற்றினால் எதிர்ப்பக்கத்து வக்கீலுக்கு நாம் சத்யை விருந்து போட்டு உட்காரவைத்த மாதிரி” என்றார் மலையாளத்தில். ஆனால் வேறு ஆளும் இல்லை.

விசாரணைக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் போனேன். மூடுபனி இறங்கியிருந்தது. குளமும் தெரியவில்லை, சர்ச் மதிலும் தெரியவில்லை. புல்லுக்குத் தொடக்கமும் முடிவும் இல்லாமல் இருந்தது. இரண்டுபேரும் நடந்தோம்.

“மாமா, கோர்ட்டுல ஆனை வேண்டாம்.”

“செரி.”

“நடிகையும் வேண்டாம்.”

“செரி பிள்ளே.”

“கொழும்புக்குப் போகவந்த வெள்ளைக்காரரும்.”

“அவன் பாவமில்லியா” என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, “செரி. அவனும் வேண்டாம்.”

கொஞ்சதூரம் போனதும் கேட்டேன். “இதெல்லாம் எடுத்துட்டா என்ன மிச்சம் இருக்கும் மாமா?”

காலடியில் புல் நனைந்து கிடந்தது.

“கொஞ்சந்தான் இருக்கும். கேக்க நல்லா இருக்காது.”

விசாரணை அன்று ஜீப்பிலும் பஸ்ஸிலுமாக ஊரே நெய்யாற்றின்கரைக்கு வந்திருந்தது. ஸ்டெல்லா இரண்டாவது பெஞ்சில், துவைத்து மடித்த சேலையில். அவர் வெள்ளைச் சட்டையும் வேட்டியுமாகக் கூண்டில் நின்றபோது சின்னவராகத் தெரிந்தார். நீதிபதி அம்மா, எந்த மொழி வருமோ அதில் சொல்லுங்கள் என்றார். எங்கள் சீனியர் கேட்டதற்கெல்லாம் பிளேன்காரர் ஒற்றை வரியில் பதில் சொன்னார். எனக்கு நிம்மதியாக இருந்தது.

பிறகு எதிர்ப்பக்கத்து வக்கீல் எழுந்தார். குரலை உயர்த்தாத ஆள். ஊரில் நன்றாக விசாரித்துவிட்டு வந்திருந்தார்.

“பிளேன்பறம்புக்கு யானை வந்ததாகச் சொல்லியிருக்கிறீர்களா?”

“சொல்லியிருக்கேன்.”

“வந்ததா?”

“வரல்ல. கல் உருளைதான் இழுத்தோம்.”

“சினிமா நடிகை?”

“வரல்ல.”

“கொழும்பு என்று நினைத்து இறங்கிய வெள்ளைக்காரர்?”

இதற்கு மட்டும் கொஞ்சம் தாமதித்தார். “அவனும் வரல்ல.”

முதலில் பின்னால் சிலர் சிரித்தார்கள். கேள்விகள் போகப்போக சிரிப்பு நின்றுவிட்டது. வக்கீல் ஒவ்வொரு பெயராகச் சொல்ல, இவர் வரல்ல, வரல்ல என்று சொல்ல, வருடக்கணக்காக அந்தப் புல்வெளியில் இறங்கியிருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து போய்க்கொண்டிருந்தார்கள். பெஞ்சில் இருந்தவர்களின் முகத்தைப் பார்த்தேன். சொந்தக்காரர்களை வழியனுப்புகிறவர்கள் மாதிரி உட்கார்ந்திருந்தார்கள்.

“இதோ இருக்கிற ஸ்டெல்லா விமானத்தில் பிறந்தவள் என்றும் சொல்லியிருக்கிறீர்கள். அவளே அதை நம்புகிறாள். அதுவும் கதைதானே?”

அவர் கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டார். ஸ்டெல்லாவைப் பார்த்தார். அப்புறம் அவளைப் பார்க்கவில்லை.

“அவ பிளேன்ல பிறக்கல்ல.”

“பொய்யென்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். இத்தனை பொய் சொன்ன ஒருவர், இந்தக் குடும்பங்கள் அன்றே அங்கே இருந்தன என்று சொல்வதை மட்டும் கோர்ட் எப்படி நம்பவேண்டும்?”

அந்தக் கேள்வியைக் கேட்காமல் உட்கார்ந்திருந்தால் அந்த வக்கீல் ஜெயித்திருப்பார் என்று சீனியர் பிறகு சொன்னார்.

“நம்பாண்டாம்” என்றார் இவர். “நான் ஊருக்குச் சொன்னதெல்லாம் கதை. இது நான் யாருகிட்டயும் சொல்லாத காரியம். சொல்லணும்ன்னு நெனச்சதும் இல்ல.”

“சொல்லுங்கள்” என்றார் நீதிபதி அம்மா.

“இவ குடிலுலதான் பிறந்தா. தெக்குப் பக்கம், குளத்துக்கு அடுத்த குடிலு. இப்பம் இவ இருக்க அதே இடம். அவளுக்க அம்மைக்கு முந்தின நாளே வலி வந்தாச்சு. மருத்துவச்சி பாத்துட்டு, இது எனக்க கையில நிக்காது, பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கோன்னு சொன்னா. முதலாளிக்க கார் அன்னைக்கு இல்ல. பிளேன் நின்னுது. சின்ன முதலாளி பறக்கதுக்காக வந்து நிக்காரு. நான் ஓடிப்போய்க் காலப் பிடிச்சேன்.”

நிறுத்தினார். கூண்டின் கட்டையை மாற்றிப் பிடித்துக்கொண்டார்.

“அவரு குடில் வரைக்கும் வந்தாரு. வாசல்ல நின்னு உள்ள பாத்தாரு. இவள உக்கார வைக்க முடியாது, காத்தும் குறுக்க அடிக்குது, ஏத்தினா ரெண்டு உசிரும் போகும்ன்னு சொன்னாரு. அது செரிதானோ என்னமோ, எனக்குத் தெரியல்ல. நான் பறந்தவன் இல்ல. கட்டில்ல கெடத்தித் தூக்கிக்கிட்டுப் போலாம்ன்னு கட்டில் தேடினோம். அதுக்குள்ள பிள்ளை பிறந்தாச்சு. அம்மை அன்னைக்கே போயிட்டா. காய்ச்சல் ஒண்ணும் இல்ல.”

ஸ்டெல்லா அசையவில்லை. பக்கத்தில் இருந்த பெண் அவள் கையைப் பிடித்தாள். அவள் விடுவித்துக்கொண்டாள்.

“சின்ன முதலாளி அதுக்குப் பெறவு பிளேன்ல ஏறல்ல. அடக்கத்துக்கு வந்தாரு. அன்னைக்குத்தான் இவளுக்க அப்பன்கிட்ட, குடிலுல இருக்க எல்லார்கிட்டயும் சொன்னாரு, நீங்க இந்த எடத்தவிட்டுப் போகாண்டாம், யாரும் ஒங்கள ஒண்ணும் சொல்லமாட்டாவன்னு. கொஞ்ச மாசத்துல பிளேன அவுத்து லாரியில ஏத்தினாவ. நானாக்கும் கூடநின்னு கயிறு கெட்டினேன். அவ்வளவுதான்.”

வக்கீல் கடைசியாக ஒன்று கேட்டார். கேட்டே ஆகவேண்டுமா என்று அவருக்கே தோன்றியிருக்கும், குரல் தாழ்ந்திருந்தது. “இறந்துபோன அந்தப் பெண்ணுக்கும் உங்களுக்கும் என்ன உறவு?”

“எனக்க கூடப் புல்லு நட்டவ” என்றார்.

ஸ்டெல்லாவின் ஞானஸ்நானத் தேதி சர்ச்சில் இருந்தது. அது விமானம் ஓடிய காலம் என்பதை எதிர்ப்பக்கமே ஒப்புக்கொண்டிருந்தது. அவள் எங்கே பிறந்தாள் என்பதுதான் இதுவரை இல்லாமல் இருந்தது. சில மாதங்கள் கழித்துத் தீர்ப்பு வந்தது. குடும்பங்களுக்கு வீடும் சுற்றியுள்ள மண்ணும் கிடைத்தன. ஆகாயத்தை எடுத்துக்கொண்டு மண்ணைக் கொடுத்திருந்தார்கள். ஸ்டெல்லாவிடம் தீர்ப்பைச் சொல்ல நான் போனபோது அவள் அங்கன்வாடியில் குழந்தைகளுக்குக் கஞ்சி விளம்பிக்கொண்டிருந்தாள். “சந்தோஷம் மேடம்” என்றாள். மேலே ஒரு விமானம் போயிற்று. ஒரு குழந்தை வாயைத் திறந்தது, அவள் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டது.

அவளும் அவரும் பேசிக்கொள்ளவில்லை. அவர் வருகிற நேரம் அவள் வேறு வழியாகப் போனாள். அது எவ்வளவு காலம் நீடித்தது என்று எனக்குக் கணக்குத் தெரியாது, வருடங்கள் போயின. குடிகிடப்பு மண் போக மீதிப் பறம்பை வில்லா கட்டுகிற கம்பெனிக்கு விற்றுவிட்டார்கள். ஒரு கோடைகாலம் முழுக்க லாரிகள் செம்மண் கொண்டுவந்து கொட்டின. புல் ஒரு பக்கத்திலிருந்து மறைந்துகொண்டே வந்தது.

அவர் கதை சொல்வதை நிறுத்திவிட்டார். யாரும் தடுக்கவில்லை, கேட்கத்தான் செய்தார்கள். பிள்ளைகள் சுற்றிநின்று கேட்டால், “எனக்குத் தெரியல்ல மக்களே” என்பார். ஒருநாள் சாயாக்கடையில் நானும் இருந்தேன். மண்லாரி டிரைவர் ஒருவன், இங்கே முன்னால் என்ன இருந்தது என்று கேட்டான். கடைக்காரர் உற்சாகமாகத் தொடங்கிவிட்டார், ஆனை புல்லைத் தின்றுகொண்டே வந்த கதையை. நடுவில், “இல்லியா மாமா?” என்று இவர் பக்கம் திரும்பினார். கோர்ட்டில் அவர் சொன்னதைக் கேட்டவர்தான் அந்தக் கடைக்காரர்.

இவர் கிளாசைக் கீழே வைத்தார். “ஞாபகமில்ல” என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். மழை பெய்ததா என்று கேட்டால் பெய்தது என்று மட்டும் சொல்கிற மனிதராக ஆகிவிட்டார். எனக்கு அவரிடம் பேசவே கூச்சமாக இருந்தது.

கடைசியாக நான் அவரைப் பார்த்தது ஸ்டெல்லாவின் புதுவீட்டு ஜெபத்தில். இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் ஆகியிருக்கும். பழைய குடில் இருந்த இடத்திலேயே கான்கிரீட் வீடு கட்டியிருந்தாள். பிளேன்காரரின் அக்காவை அவள் நேரில் போய் அழைத்திருந்தாள், அவரையும் கூட்டிவரச் சொல்லி. அவர் உள்ளே வராமல் முற்றத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். மெலிந்துபோயிருந்தார். ஜெபம் முடிந்து, சாப்பாடு முடிந்து, ஆட்கள் கிளம்பத் தொடங்கிய வெயில் தாழ்ந்த நேரம். நான் அவர் பக்கத்தில் இருந்தேன். ஸ்டெல்லா கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு அவருக்கு எதிரில் உட்கார்ந்தாள்.

“மாமா, எனக்க அம்மை எப்படி இருப்பா?”

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார்.

“கறுப்பு” என்றார். “ஒன்னவிட ஒயரம். முன்பல்லு ஒண்ணு தள்ளி நிக்கும்.”

“சிரிப்பாளா?”

“சிரிப்பா. வாயப் பொத்திக்குவா.”

“பாட்டு பாடுவாளா?”

“தெரியல்ல. நான் கேட்டதில்ல.”

“பிளேனுன்னா அவளுக்கு இஷ்டமா?”

“பயம். சத்தம் கேட்டாலே குடிலுக்குள்ள போயிருவா. அது போனப் பெறவுதான் வெளிய வருவா.”

ஸ்டெல்லாவின் உதடு கோணிற்று. அது சிரிப்பா என்று சொல்லத் தெரியவில்லை. பிறகு அவள் குனிந்து தன் கைகளைப் பார்த்துக்கொண்டு கேட்டாள். “கடைசியில எதாவது சொன்னாளா? என்னப்பத்தி?”

நான் அவரைப் பார்த்தேன். அவருடைய வலதுகை மடியிலிருந்து எழுந்தது. விரல்கள் விரிந்தன. கண்ணுக்குள் ஏதோ ஏறியது. எத்தனை அழகான வாக்கியத்தை அவரால் அந்த நேரத்தில் சொல்லியிருக்க முடியும் என்று எனக்குத் தெரியும். சொல்லிவிடட்டும் என்று நினைத்தேன், சொல்லிவிடக்கூடாது என்றும் நினைத்தேன். கை அப்படியே காற்றில் நின்றது. பிறகு மெல்ல இறங்கி முழங்காலில் உட்கார்ந்தது.

“ஒண்ணும் சொல்லல்ல மக்களே” என்றார். “தண்ணி கேட்டா. நான்தான் குடுத்தேன். குடிச்சா.”

ஸ்டெல்லா நாற்காலியை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துக்கொண்டாள்.

“பெறவு?” என்றாள்.